உமர் (ரலி) கொடுத்த பட்டாடை: பண்பாட்டுப் பன்மையும் சகிப்பின் எல்லையும்

சகிப்பு என்னும் சொல்லுக்குத் தமிழில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. வெயிலைச் சகிக்கிறோம், வலியைச் சகிக்கிறோம், துர்நாற்றத்தைச் சகிக்கிறோம். அண்டை வீட்டாரையும் அதே வினைச்சொல்லால் சுட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆயினும் பிற பண்பாட்டாரோடு கூடிவாழ்தல் பற்றிப் பேச எழும்போதெல்லாம் நம் மேடைகளுக்கும் ஏடுகளுக்கும் கைகொடுப்பது ‘சகிப்புத்தன்மை’ என்னும் சொல்லே. மதநல்லிணக்க விழாக்களில் மதீனா உடன்படிக்கையையும் குர்துபாவின் பொற்காலத்தையும் நினைவுகூர்ந்து, இஸ்லாம் சகிப்புத்தன்மையின் மார்க்கம் என்று கூறி அமர்ந்துவிடுகிறோம். கூறியது பொய்யன்று. ஆனால் எதைச் சகிப்பது, எதுவரை சகிப்பது, எந்த இடத்தில் சகிப்பு அநீதிக்குத் துணைபோவதாக மாறுகிறது என்னும் வினாக்கள் அங்கே எழுப்பப்படுவதில்லை.

மேலை நாடுகளில் நிலைமை வேறு. 2010 அக்டோபரில் ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த அங்கெலா மெர்க்கெல், பன்மைப் பண்பாட்டு முயற்சி முற்றாகத் தோற்றுவிட்டது என்று அறிவித்தார். 2011 பிப்ரவரியில் மியூனிக் நகரில் பேசிய அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் அதே கருத்தை வழிமொழிந்தார். அதற்கு முன்பே, 2004-இல் பிரான்சு அரசுப் பள்ளிகளில் தலைத்துணியைத் தடைசெய்திருந்தது. 2009 நவம்பரில் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பின் வழியாகப் புதிய மினாராக்கள் எழுவதைத் தடுத்தது. ‘சகிப்புக்கும் எல்லை உண்டு’ என்னும் வாசகம் அங்கே பெரும்பாலும் முஸ்லிம்களை நோக்கியே கூறப்படுகிறது. அதனாலேயே எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் தற்காப்பு நிலைக்குச் சென்றுவிடுகிறோம்.

எல்லை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அதை எங்கே வரைவது, யாருக்காக வரைவது என்பதே ஆய்வுக்குரியது. இதற்கு விடை தேடிப் பாரிசுக்கும் பெர்லினுக்கும் போக வேண்டியதில்லை. ஆரணி வரை போனால் போதும்.

நெசவூரின் மூன்று விலக்குகள்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் போர்க்களமாகவே இடம்பெறும். 1751-இல் ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் படையையும் பிரெஞ்சுக்காரரையும் இங்கே எதிர்கொண்டார். 1782-இல் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் இங்கே மோதினர். மராத்தியப் பிராமண ஜாகீர்தார்கள் நெடுங்காலம் ஆண்ட ஊர். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்புக்குள் அடங்கியிருந்த ஊர். தறிக்குழியில் அமர்ந்தவர்களில் செங்குந்தரும் உண்டு, பட்டுநூற்காரர் எனப்படும் சௌராஷ்டிரரும் உண்டு. ஊரையடுத்த பூண்டியிலும், போளூர்ப் பக்கத்துத் திருமலையிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தமிழ்ச் சமணர் வாழ்கின்றனர். உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் இதே வட்டாரத்தில் உள்ளனர். பண்பாட்டுப் பன்மை என்பது இவ்வூருக்கு அண்மையில் வந்திறங்கிய கோட்பாடன்று.

இவ்வூரின் சோறு பட்டு. அந்தப் பட்டு இவ்வூரார் பலரின் மனச்சான்றுக்கு ஏதோ ஒரு வகையில் இடறலானது என்பதே நோக்கத்தக்கது.

கூட்டினுள் இருக்கும் புழு அந்துப்பூச்சியாக மாறி வெளியேறினால் நூல் அறுந்துவிடும். ஆகவே கூட்டைப் புழுவோடு சேர்த்து வெந்நீரில் இடுகின்றனர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணருக்கு இது எத்தகைய செயல் என்று விளக்க வேண்டியதில்லை. சமண இல்லறத்தார் எல்லோரும் பட்டை ஒதுக்கிவிடவில்லை. ஆனால் நோன்பு நுணுக்கம் பேணுவோர் ஒதுக்குவர். இது முதல் விலக்கு.

இரண்டாவது விலக்கு நம்முடையது. தூய பட்டு ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது என்பதில் ஃபிக்ஹு அறிஞரிடையே கருத்தொற்றுமை உண்டு. பெண்களுக்கு ஆகும், வாங்கலாம், விற்கலாம், நெய்யலாம், ஆண் அணியலாகாது. நிக்காஹ் மேடையில் மணமகள் பட்டில் வருவாள், மணமகன் வரமாட்டான்.

மூன்றாவது விலக்கு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பட்டு இன்றித் திருமணம் இல்லை என்னும் இந்துச் சமூகத்திற்குள்ளிருந்தே, அதிலும் பட்டுக்குப் புகழ்பெற்ற காஞ்சியின் மடத்திலிருந்தே, சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் உயிர்க்கொலையின் பொருட்டுப் பட்டைக் கைவிடுமாறு பெண்களிடம் வேண்டிவந்தார். ஆந்திரத்தின் குசுமா ராஜையா, பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து ‘அகிம்சைப் பட்டு’ நெய்ய முயன்றார். அதற்குத் தூண்டுகோல், அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார் எழுப்பிய வினா.

ஆக, பட்டு குறித்து ஒவ்வொரு சாராருக்கும் ஒவ்வொரு தீர்ப்பு. சமணர் புழுவை எண்ணி விலகுகிறார். முஸ்லிம் ஆண் இறைக்கட்டளையை எண்ணி விலகுகிறார். அவரவர் விலகிய பிறகும் தறிகள் ஓடுகின்றன. தறியை நிறுத்து என்று எவரும் எவரையும் வற்புறுத்துவதில்லை. தத்தம் தீர்ப்பை எவரும் கைவிடவும் இல்லை. இதற்குச் ‘சகிப்பு’ என்ற பெயர் குறைவு. ‘ஏற்பு’ என்ற பெயர் மிகை. ‘பொறை’ என்னும் பழந்தமிழ்ச் சொல் ஓரளவு பொருந்தும். பொறை என்றால் பாரம் என்றும் பொருள். கருத்து வேறுபாட்டின் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு, அதைப் பிறர் தலையில் இறக்காதிருத்தல்.

உமரும் சகோதரரும்

இந்தப் பொறையின் இலக்கணத்தை ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்ச்சி நமக்குத் தருகிறது. அதுவும் பட்டைப் பற்றியதே.

பள்ளிவாசலின் வாயிலருகே பட்டாடை ஒன்று விற்கப்படுவதை உமர் (ரலி) அவர்கள் காண்கிறார்கள். ஜும்ஆ நாளிலும் தூதுக்குழுவினரைச் சந்திக்கும்போதும் அணிவதற்கு அதை வாங்கிக்கொள்ளலாமே என்று நபி (ஸல்) அவர்களிடம் கூறுகிறார்கள். மறுமையில் பங்கில்லாதவர் அணியும் ஆடை அது என்று பெருமானார் மறுத்துவிடுகிறார்கள். பின்னர் அத்தகைய ஆடைகள் சில வந்துசேர, அவற்றுள் ஒன்றை உமருக்கே அனுப்பிவைக்கிறார்கள். முன்பு கண்டித்ததை இப்போது எனக்கே தருகிறீர்களே என்று உமர் கேட்க, நீர் அணிவதற்காக அதைத் தரவில்லை என்று விளக்கம் வருகிறது. உமர் அவ்வாடையை மக்காவில் இணைவைப்பவராகவே இருந்த தம் சகோதரருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இமாம் புகாரி இந்த ஹதீஸை ஆடை பற்றிய பகுதியோடு நிறுத்திவிடவில்லை. ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில், இணைவைக்கும் சகோதரரோடு உறவு பேணுதல் என்னும் பொருளில் தனித் தலைப்பிட்டு மீண்டும் பதிவுசெய்கிறார். ஒரு துணியின் சட்டம் அவர் பார்வையில் ஓர் உறவின் சட்டமாகவும் இருந்தது.

இதிலிருந்து எளிய முடிவுக்குத் தாவிவிட வேண்டாம் என்று இமாம் நவவீ எச்சரிக்கிறார். முஸ்லிமல்லாத ஆண்கள் பட்டு அணிவது ஆகுமானது என்பதற்கு இது சான்றன்று. அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதே இதில் உள்ளது என்பது அவர் விளக்கம். நம் விவாதத்திற்கு இந்த எச்சரிக்கை தடையாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே விவாதத்தின் அச்சாணி. உமர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. பட்டு நல்லதுதான் என்று திடீரெனக் கண்டறியவில்லை. தம் தீர்ப்பைச் சகோதரர்மீது திணிக்கவும் இல்லை. கருத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி உறவை முறிக்கவும் இல்லை. தீர்ப்பு நிலைக்கிறது, திணிப்பு இல்லை, உறவு தொடர்கிறது. இம்மூன்றும் சேர்ந்ததே பொறை.

‘எல்லா மதமும் ஒன்றே கூறுகிறது’ என்னும் மேடை வாசகம் இம்மூன்றில் முதலாவதைப் பறித்துவிடுகிறது. வேறுபாடே இல்லையென்றால் பொறுக்க என்ன இருக்கிறது? சமணரிடம் ‘உங்கள் கொல்லாமையும் எங்கள் குர்பானியும் ஒன்றுதான்’ என்று கூறுவது இருவரையும் அவமதிப்பது. மறுபக்கத்தில், தூய்மைவாதம் மூன்றாவதைப் பறிக்கிறது. பண்டிகை நாளில் அண்டை வீட்டிலிருந்து வரும் தட்டைத் திருப்பியனுப்புவதே ஈமானின் அடையாளம் என்று நம் இளைஞருக்குக் கற்பிக்கும் குரல்கள் அண்மைப் பத்தாண்டுகளில் உரத்து ஒலித்தன. மக்காவுக்கு ஒரு பட்டாடை போயிருக்கிறது என்பதை அக்குரல்கள் மறந்தன.

தடையின் உள்ளேயே தளர்வுக்கு இடம் வைத்த மரபு நம்முடையது. தோல் அரிப்பால் துன்புற்ற அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப், ஸுபைர் ஆகியோருக்குப் பட்டணிய அனுமதி கிடைத்தது. நான்கு விரல் அகலம் வரை கரை வைக்கலாம் என்றும் ஹதீஸ் உண்டு. பட்டுத் தலையணையில் சாயலாம் என்று இமாம் அபூஹனீஃபா கருத, அவருடைய மாணாக்கர் அபூயூஸுஃபும் முஹம்மதும் ஆகாது என்றனர். குஜராத்தில் வெளியே பட்டும் உடலைத் தொடும் பக்கம் பருத்தியுமாக நெய்த துணிக்கு ‘மஷ்ரூ’ என்று பெயர் வந்தது. ஷரீஅத்தில் அனுமதிக்கப்பட்டது என்பது பொருள். ஆசிரியரும் மாணாக்கரும் ஒரு தலையணையில் வேறுபட்டு ஒரே மத்ஹபில் நிலைத்த மரபுக்கு, அண்டை வீட்டாரின் வேறுபாடு பேரதிர்ச்சி ஆகக் கூடாது.

தெரு யாருக்கு உரியது?

ஆடை வீட்டுக்குள் முடிந்துவிடும் விவகாரம். தெரு அப்படியன்று, அங்கே ஒருவர் வழிபாடு இன்னொருவர் வாசலைக் கடந்தாக வேண்டும்.

நெசவூர்களில் தெருவும் ஒரு தொழிற்கருவி. விடியற்காலையில் பாவை விரித்து, கழிகளில் இழுத்துக்கட்டி, அறுந்த இழைகளை முடியும் வேலை தெருவில் நடக்கும். அந்நேரம் வண்டியில் வருபவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். வெயில் ஏறுமுன் நெசவாளர் பாவைச் சுருட்டி வழிவிடுவார். ஊர்வலங்களும் இவ்வாறே கடந்திருந்தால் நீதிமன்றங்களுக்கு வேலை இருந்திராது.

சேலத்தில் அவ்வாறு கடக்கவில்லை. 1882-இல் பள்ளிவாசல் முன் மேளத்துடன் ஊர்வலம் செல்வது குறித்த பூசல் பெருங்கலவரமாக மூண்டது. பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சி. விஜயராகவாச்சாரியார் அதில் குற்றஞ்சாட்டப்பட்டுப் பின்னர் விடுதலையானார். அவ்வூர்ப் பூசலிலிருந்து எழுந்த வழக்கில், பொதுத்தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை எல்லாச் சமயத்தாருக்கும் உண்டு, அது பிறரின் புழக்கத்திற்கு இடையூறின்றியும் நடுவரின் ஒழுங்காணைக்கு உட்பட்டும் அமைய வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1883-இல் கூறியது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1924-இல் அதே நெறியை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது. அந்த 1924-ஆம் ஆண்டு வழக்கு இந்து - முஸ்லிம் வழக்கன்று; ஸுன்னிகளின் பள்ளிவாசலருகே ஷியாக்களின் துக்க ஊர்வலம் செல்லலாமா என்பதே அங்கு வழக்கு. கோயில் ஊர்வலங்களுக்கு இன்றும் ஆதாரமாகக் காட்டப்படும் தீர்ப்பு நம் உட்பூசலில் பிறந்தது.

இந்தப் பின்னணியில் பெரம்பலூர் மாவட்டம் வி. களத்தூர் வழக்கை நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அவ்வூரில் கோயில் திருவிழா ஊர்வலங்கள் எல்லாத் தெருக்களிலும் சென்றுவந்தன. 2012 முதல் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2021-இல் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, ஒரு பகுதியில் ஒரு சமயத்தார் மிகுந்திருப்பது பிறர் ஊர்வலத்தைத் தடுக்கக் காரணமாகாது என்றது. இந்த வாதத்தை ஏற்றால் நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர் எவ்விழாவையும் நடத்த இயலாது போகும் என்றும் சுட்டிக்காட்டியது.

நம்மவரில் சிலர் அத்தீர்ப்பை மனக்கசப்போடு வரவேற்றனர். கசப்புக்குக் காரணமில்லை. நம் தெருவில் நாம் கேட்ட விலக்கு, நாடெங்கும் நமக்கு எதிராகக் கேட்கப்படும் விலக்கே. இணைவைப்பு நடக்கும் ஊர்வலத்தைப் பார்க்க நேர்வது நம் நம்பிக்கைக்கு ஊறு என்றால், பாங்கொலியைக் கேட்க நேர்வது தம் நம்பிக்கைக்கு ஊறு என்பவரிடம் நாம் என்ன விடை கூறுவோம்?

எனினும் அத்தீர்ப்பு குறித்தும் ஒன்று கூற வேண்டும். சகிப்பு, சகிப்பின்மை என்னும் சொற்களாலேயே அது பெரிதும் பேசியது. பொதுத்தெருவில் நடப்பது அண்டை வீட்டாரின் பெருந்தன்மையால் கிடைப்பதன்று, அது உரிமை. சகிப்பு என்று கூறிவிட்டால், நாளை ஒருவர் ‘இனிச் சகிப்பதற்கில்லை’ என்று கூறவும் இடமுண்டாகும். உரிமைக்கு அந்த ஆபத்து இல்லை. அதே உரிமைக்குள் அதன் எல்லையும் அடங்கியிருக்கிறது. கடவுளுக்காகச் செல்லும் ஊர்வலம் வேறு. அண்டை வீட்டாருக்கு எதிராகச் செல்லும் ஊர்வலம் வேறு. 2022 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் கர்கோனிலும் தில்லியின் ஜஹாங்கீர்புரியிலும் ஊர்வலங்களை ஒட்டி வன்முறை வெடித்ததை நாடறியும். பள்ளிவாசல் முன் நின்று வசைப்பாடல் ஒலிக்கச் செய்வோருக்கு 1883-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் புகலிடம் ஆகா. பிறர் வணங்குபவற்றை ஏசாதீர் என்று அல்அன்ஆம் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை, அண்டை வீட்டாரிடமும் நாம் எதிர்பார்க்கத்தக்க நாகரிகம்.

கொதிநீரில் கை

இதுவரை கண்டவை பொறைக்கு உரியவை. இனிப் பொறைக்கு உரியதல்லாததைக் காண்போம். அதற்கும் பட்டே சான்று.

பட்டுப்புழு வளர்ப்பை மைசூர் நாட்டில் ஊன்றியவர் திப்பு சுல்தான் என்று பெருமையோடு கூறுகிறோம். இன்றும் ராமநகரம், சிட்லகட்டா போன்ற கர்நாடக ஊர்களில் கூட்டிலிருந்து நூல் எடுக்கும் தொழிலில் முஸ்லிம்கள் மிகுதி, முதலாளிகளாகவும் கூலிகளாகவும். நம் பக்கத்துத் தறிகளுக்கு வேண்டிய நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தே வருகிறது. 2003-இல் ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறார் குறித்து அறிக்கை வெளியிட்டது. கர்நாடகத்தில் சிறுவர் சிறுமியர் கொதிநீரில் கைவிட்டுக் கூடுகளைத் தடவி நூல்முனை தேடியதையும், காஞ்சிபுரத்தில் பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் தறிக்குழியில் கட்டுண்டதையும் அது விவரித்தது. இந்திய, அமெரிக்க அரசுகளின் கூட்டுமுயற்சியாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அந்தப் பத்தாண்டில் நடத்திய ‘இண்டஸ்’ திட்டம் தேர்ந்தெடுத்த தமிழக மாவட்டங்களுள், ஆரணி அடங்கிய திருவண்ணாமலையும் ஒன்று. கைநெசவுப் பட்டு அத்திட்டம் பட்டியலிட்ட தீங்கான தொழில்களுள் ஒன்று.

ஒரே கொப்பரையில் இரண்டு உயிர்கள். புழுவுக்காகச் சமணர் வருந்துகிறார். அதைப் பற்றி நாம் அவரோடு வேறுபடலாம், பொறுக்கலாம். குழந்தையின் கை அதே நீரில் இறங்குவதைப் பற்றி எந்தச் சமயத்தாரும் ‘இது எங்கள் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கூற இயலாது.

ஆனால் கூறினார்கள், அதுவும் பண்பாட்டின் பெயரால். பிஞ்சு விரல்கள்தாம் நுண்ணிழைக்கு ஏற்றவை, குலத்தொழிலை இளமையில் பழகினால்தான் கைவரும் என்பன நெசவூர்களில் நெடுங்காலம் வழங்கிய நியாயங்கள். அரசும் அதே மொழியைப் பேசியதுண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டம் பிள்ளைகளைப் பாதிநாள் பள்ளிக்கும் மீதிநாள் வீட்டுத் தொழிலுக்கும் பகிர்ந்தது. குலக்கல்வி என்று எதிர்ப்பு மூண்டு, ராஜாஜி பதவி விலகியபின் காமராசர் அதை 1954-இல் கைவிட்டார். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தாரைக் கொண்டே நடத்தப்படும் பட்டறைக்கு விலக்களித்தது. தறியோ வீட்டுக்குள் இருந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. ஆனால் பள்ளி நேரம் போகத் தீங்கற்ற குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தது. நாட்டின் சமூக அமைப்பைக் கருதி என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

முன்னோர் வழியில் இதைக் கண்டோம், ஆகவே இதைத் தொடர்கிறோம் என்னும் வாதத்தைத் திருக்குர்ஆன் பல இடங்களில் எடுத்துக்காட்டி மறுக்கிறது. அரபியர் வழக்கங்கள் அனைத்தையும் அது அழித்துவிடவில்லை. விருந்தோம்பலையும் வாக்குறுதி பேணலையும் வளர்த்தது. ஊர்வழக்குக்கு, அதாவது ‘உர்ஃப்’ என்பதற்கு, ஃபிக்ஹில் இடமும் கிடைத்தது. ஆனால் பெண்மகவை உயிரோடு புதைக்கும் வழக்கத்தின் முன் அது பொறை காட்டவில்லை. அத்தக்வீர் அத்தியாயத்தில், மறுமை நாளில் புதைக்கப்பட்ட சிறுமியிடமே வினா எழுப்பப்படுகிறது. குலத்தலைவரும் தந்தையும் அன்று சாட்சிக் கூண்டில் முதலில் அழைக்கப்படுபவர் அல்லர். பண்பாட்டைப் பற்றிய வழக்கில் யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் இல்லை.

இங்கே எல்லை தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லாதது என்பது எல்லையாகாது. என் மனம் புண்படுகிறது என்பதும் போதாது. தானாகத் தேராத, விலகிச் செல்ல வழியில்லாத ஒருவருக்குத் தீங்கிழைக்கப்படுகிறதா என்பதே அளவுகோல். சமணரின் புழுவைப் பற்றிய கவலை உயர்ந்ததே. ஆனால் மனிதர் மனிதருக்குள் அமலாக்கத்தக்க சட்டமாக எல்லையை வரையும்போது, தீங்குற்ற மனிதர் ஒருவரை அடையாளம் காட்டியாக வேண்டும்.

கோட்பாட்டாளரும் நாமும்

பன்மைப் பண்பாட்டுக் கோட்பாட்டாளருள் முதன்மையானவரான கனடாவின் வில் கிம்லிக்கா, 1995-இல் வெளியான நூலில் பயனுள்ள ஒரு பாகுபாட்டைச் செய்தார். பெருஞ்சமூகத்தின் அழுத்தத்திலிருந்து ஒரு குழுவைக் காக்கும் புறப் பாதுகாப்பு ஒன்று; குழு தன் உறுப்பினரின் உரிமையையே ஒடுக்கும் அகக் கட்டுப்பாடு மற்றொன்று. முன்னதை ஏற்கலாம், பின்னதை ஏற்கலாகாது என்பது அவர் முடிவு. ஆரணியிலிருந்து நோக்கினால் இக்கோட்பாட்டின் குறையும் தெரியும். அவர் காணும் குழுக்கள் தனித்தனி வேலிக்குள் வாழ்கின்றன. இங்கோ ஒரு சேலையில் கர்நாடக முஸ்லிமின் நூலும், சூரத்தின் ஜரிகையும், செங்குந்தரின் தறியும், மணமகளின் சடங்கும் பின்னிக்கிடக்கின்றன. அநீதியும் அவ்வாறே ஒரு குழுவுக்குள் அடங்காமல் கைமாறி வருகிறது. குழந்தையின் கை வெந்த நூலை நெய்தவர், விற்றவர், அணிந்தவர் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

பன்மைப் பண்பாடு பெண்களுக்குத் தீங்கா என்று 1997-இல் வினவிய சூசன் மோலர் ஓகின், குழு உரிமையின் பெயரால் பெண்ணின் உரிமை பலியாவதைச் சுட்டினார். அவருக்கு மறுமொழி எழுதியவர்களுள் அசீஸா அல்ஹிப்ரீ என்னும் முஸ்லிம் சட்ட அறிஞரும் ஒருவர். தொலைவில் நின்று பிற பண்பாட்டுப் பெண்களுக்காகப் பேசும் குரல், அப்பெண்களின் குரலையே மறைத்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஓகினின் வினாவை நாம் தள்ளிவிட இயலாது. அதற்கு விடைகூறும் உரிமையை வெளியாரிடம் ஒப்படைத்துவிடவும் இயலாது.

நாமே விடைகூறினோமா? ஒரே அமர்வில் முத்தலாக் கூறுவது நெறிபிறழ்ந்த முறை என்று நம் ஃபிக்ஹு நூல்களே கூறிவந்தன. ஆயினும் அது நிகழ்ந்துவிட்டால் செல்லும் என்று கூறிவந்தோம். வெளியார் கண்டித்தபோது அதை நம் அடையாளமாக்கிக் காத்தோம். 2002-இல் உச்சநீதிமன்றம் தலாக்குக்குத் தக்க காரணமும் சமரச முயற்சியும் வேண்டுமென்றது. நாம் அப்போதும் விழித்திருந்தால், 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கோ கணவரைச் சிறைக்கு அனுப்பும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கோ வாய்ப்பு நேர்ந்திராது. மணமகன் மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில் மணமகள் வீட்டார் வரதட்சணை எண்ணிக்கொடுக்கும் வழக்கை எத்தனை ஜமாஅத்துகள் நிறுத்தின? 2000-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் முஸ்லிம் பெண்கள் தமக்கெனத் தனி ஜமாஅத் அமைத்தபோது, நம் எதிர்வினை பெரும்பாலும் ஏளனமாகவே இருந்தது. தம் வழக்கைத் தாமே கேட்பிக்க வந்தவர்களை நாம் கேட்கவில்லை.

இதே அளவுகோல் நமக்குக் கேடயமாகவும் நிற்கும். 2022-இல் கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் அணிந்த மாணவியர் வாயிலில் நிறுத்தப்பட்டனர். உயர்நீதிமன்றம் தடையை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் வேறுபட்டுத் தீர்ப்பளித்தனர். தடையை ஏற்காத நீதிபதி சுதான்ஷு துலியா, தேசியகீதம் பாட மறுத்த கேரளச் சிறார் குறித்த 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் துணைக்கொண்டார்; பெண்பிள்ளைகளின் கல்வியை முன்னிறுத்தினார். தலைத்துணியால் தீங்குற்றவர் யார் என்று கேட்டால் விடையில்லை. தடையால் தீங்குற்றவர் யார் என்றால் வாயிலில் நின்ற மாணவியைக் காட்டலாம். ஆனால் அந்த மாணவியின் விருப்பத்தை அன்று ஆதாரமாகக் காட்டிய நாம், அணிய விரும்பாத மகளின் விருப்பத்தையும் வீட்டில் அதே குரலில் ஏற்கக் கடமைப்பட்டுள்ளோம். நீதியில் நிலைத்திருங்கள், அது உங்களுக்கே எதிரானதாயினும் என்னும் அன்னிஸா அத்தியாயத்தின் கட்டளைக்கு வேறு பொருள் இல்லை.

ஒரு பழைய உடன்படிக்கை

நபித்துவத்திற்கு முன், மக்காவில் நிகழ்ந்தது. யமன் நாட்டு ஸபீத் ஊரிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷிப் பெரியவர் விலையைத் தர மறுத்தார். வேற்றூராருக்காகப் பேச ஆளில்லை. அவர் முறையீட்டைக் கேட்ட குலத்தார் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்கு உரியது கிடைக்கும்வரை ஒன்றாக நிற்போம் என்று உறுதிபூண்டனர். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று அறியப்படும் அவ்வுடன்படிக்கையில் இளம்வயது முஹம்மத் (ஸல்) அவர்களும் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்தபின்னும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் வருவேன் என்று பிற்காலத்தில் கூறினார்கள். அதில் கையிட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் ஒரே கடவுட்கொள்கையில் சேரவில்லை. ஒரு வணிகரின் விலையில் சேர்ந்தார்கள்.

நல்லிணக்க மேடைகளில் நாம் எடுத்துக்கூறத்தக்க முன்மாதிரி இதுவே. ஆரணியின் சமணரும் செங்குந்தரும் சௌராஷ்டிரரும் முஸ்லிமும் புழுவைப் பற்றி ஒருநாளும் உடன்படப் போவதில்லை, உடன்பட வேண்டியதுமில்லை. நெசவாளரின் கூலி, முன்பணத்தில் முடங்கிய குடும்பத்தின் விடுதலை, தறிக்குழிக்குப் பதிலாகப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஆகியவற்றில் அவர்கள் உடன்படலாம். முதலாவதில் பொறுப்பதும் இரண்டாவதில் பொறுக்க மறுப்பதும் ஒரே அறத்தின் இரு பகுதிகள். சகோதரர் கொள்கையை ஏற்காமலே அவருக்கு ஆடை கொடுத்தவர் உமர் (ரலி). அதே உமர்தாம் கலீஃபாவானபோது, எளியவனின் முறையீட்டைக் கேட்க ஆளுநர்களையும் அழைத்து நிறுத்தினார். நாம் முதல் உமரை மேடையில் புகழ்கிறோம். இரண்டாம் உமரை நம் ஜமாஅத் அலுவலகத்திற்குள் அழைக்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் நீங்கும்வரை, சகிப்பின் எல்லையைப் பற்றி மற்றவர்க்குப் பாடம் சொல்லும் தகுதி நமக்கு முழுமையாக வாய்க்காது.